மூன்றில் எது வலிக்கிறது?

வாசகியின் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். வயது 46. ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டாவது பையன் பிறந்த பிறகு தைராய்டு குறைவு என்றார்கள். பதினோரு வருடமாக மாத்திரை. நான்கு வருடமாக முடக்குவாதம். ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின். போன வருடம் கோவையில் ஒரு டாக்டர் உடம்பெல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டு, ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்கிறது என்று எழுதினார். வீட்டில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பேரே இல்லாத வியாதி" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அந்த டாக்டர் எழுதிய இரவு மாத்திரை மன அழுத்தத்துக்குக் கொடுப்பது என்று மெடிக்கலில் சொன்னார்கள். எனக்கென்ன மனநோயா என்று போடவில்லை.

கழுத்து, தோள், முதுகு, தொடை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தூங்குகிறேன், எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை. அளவெடுத்துவிட்டு நோட்டில் எழுதுவதற்குள் எண் மறந்துபோகிறது. வலிக்கிறது என்று சொன்னால் மூட்டு டாக்டர் மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டுகிறார். கூட்டியும் குறையவில்லை. தைராய்டு டெஸ்டும் நிலையில்லை. 2.4 ஆக இருந்தது ஜனவரியில் 8.7 வந்தது, 75 மாத்திரையை 100 ஆக்கினார்கள். ஏப்ரலில் 6.9; 125 ஆக்கினார்கள். ஜூலையில் 0.3, இப்போது குறைக்கச் சொல்கிறார்கள். காலை 5 மணிக்குத் தைராய்டு மாத்திரை, கையோடு காபி, 6 மணிக்குள் கால்சியம், இரும்புச்சத்து எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடுவேன். முடி கொட்டுகிறது என்று மே மாதத்திலிருந்து பயோட்டின். மூன்றில் எந்த வியாதிக்கு வைத்தியம் பார்ப்பது?

பி.கு.: மூன்று மாதமாக ஒரு வைத்தியர் தந்த பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். இரண்டே நாளில் வலி பறந்தது. கன்னம் வைத்து நன்றாக இருக்கிறாய் என்கிறார்கள். நிறுத்தினால் நாலாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. தொடரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பி.கு.வில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது.

இரண்டு நாளில் வலி பறக்கிறது, மூன்று மாதத்தில் கன்னம் வைக்கிறது, நிறுத்தினால் உடம்பு எழ மறுக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வாதநோய் மருத்துவர் எவருக்கும் முதலில் வருகிற சந்தேகம் ஸ்டீராய்டு. பொடியில் அது கலந்திருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இப்படிப்பட்ட பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு அகப்பட்டது பல முறை நடந்திருக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் என்ன மருந்து தருகிறார் என்பதைப் பெயரோடு சீட்டில் எழுதித் தருவார். கேட்டால் "ரகசியம்" என்கிறவரிடம்தான் சிக்கல்.

இதைப் படித்துவிட்டுப் பொடியைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். மூன்று மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். நாலாம் நாள் நீங்கள் எழ முடியாமல் கிடந்தது அதனாலும் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். காலை 8 மணி வாக்கில் கார்டிசோல் (அட்ரினல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு) ரத்தப் பரிசோதனை, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பார். தேவைப்பட்டால் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். பார்க்கப் போவதற்குள் வாந்தியோ மயக்கமோ வந்தால் நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பொடி சாப்பிட்டதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சரி, இப்போது தைராய்டு. உங்கள் எண்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 2.4, 8.7, 6.9, 0.3. இவை டி.எஸ்.ஹெச். எண்கள். தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது; தைராய்டு குறைந்தால் ஏறும், அதிகமானால் இறங்கும். நோய் இப்படிக் குதிப்பது அபூர்வம். மாத்திரை உள்ளே போகும் விதமும் பரிசோதனை நடக்கும் விதமும்தான் பெரும்பாலும் இப்படிக் குதிக்கும்.

கால்சியத்தை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டிசம்பர் ஒட்டி என்று நினைக்கிறேன், சீட்டைப் பாருங்கள். தைராய்டு மாத்திரை, அதாவது லெவோதைராக்சின், வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போக வேண்டியது. அதன் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. காபியோடு போனால் மாத்திரை குடலில் சரியாக ஏறாது. கால்சியமும் இரும்பும் இன்னும் மோசம். இரண்டும் அந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பிங்க் நிற மருந்துக்கும் இதே கணக்கு. 5 மணிக்கு மாத்திரை, 6 மணிக்குள் கால்சியம், இரும்பு என்றால், நீங்கள் விழுங்கிய 75-இல் எவ்வளவு ரத்தத்துக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. போதாமல் போனதால் டி.எஸ்.ஹெச். ஏறியது. டோஸைக் கூட்டினார்கள். எழுதித் தந்தவரிடம் எந்நேரம் எதோடு போடுகிறீர்கள் என்று நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம்.

ஜூலையில் வந்த 0.3 வேறு கதை. மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, 125 உங்களுக்கு நிஜமாகவே அதிகம். இரண்டு, பயோட்டின். முடிக்காகப் போடும் அந்த மாத்திரை உடம்பில் தைராய்டை ஒன்றும் செய்யாது. ஆனால் சில லேப் கருவிகளின் வேதியியலில் குறுக்கே புகுந்து டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அதிக அளவில் போடுகிறவர்கள் இன்னும் சில நாள் முன்பே. மூன்று, அந்தப் பொடி. ஸ்டீராய்டு அதிகம் போனால் அதுவே டி.எஸ்.ஹெச்.சை அமுக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் டோஸை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் அடுத்த வருடமும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

ஆகவே பொடி, பயோட்டின், கால்சியம் மூன்றையும் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தனியாக, தண்ணீரோடு, ஒரே நேரத்தில் போடுங்கள். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பு ராத்திரி. காலையில் காபியைத் தள்ளிப்போட மனசு வரவில்லை என்றால் (எனக்கே வராது) தைராய்டு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது. அப்படி மாற்றினால் இரும்பு மாலைக்கு வந்துவிட வேண்டும். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் எடுக்கும். அதனால் எந்த மாற்றம் செய்தாலும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டெஸ்ட். அதற்கு முன் எடுப்பது காசுக்குக் கேடு. மருத்துவர் சொல்லாமல் டோஸை நீங்களே மாற்ற வேண்டாம். அட்ரினல் படுத்திருக்கும்போது தைராய்டு டோஸைக் கூட்டுவது ஆபத்து; தைராய்டு அதிகமாகவே ஓடினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். எடை குறைய வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சிலர் இந்த மாத்திரையைக் கூட்டிப் போடுவதைக் கேள்விப்படுகிறேன். இதயத் துடிப்பு தாறுமாறாகி வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. மூன்றில் எதற்கு வைத்தியம்?

உங்களுக்கு இருக்கும் தைராய்டு குறைவு பெரும்பாலும் ஹாஷிமோட்டோ வகையாக இருக்கும். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி வழி தவறித் தைராய்டைத் தாக்குவது. அதே சக்தி மூட்டின் உள்சவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். நம் பாட்டிகள் சரவாங்கி என்றார்களே, அது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று இருப்பவருக்கு மற்றது வர வாய்ப்பு அதிகம். ஃபைப்ரோமயால்ஜியா இந்தக் குடும்பத்தில் சேராது. அதில் மூட்டும் கெடுவதில்லை, தசையும் அழிவதில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எண்கள் சாதாரணமாகவே இருக்கும். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. அதனாலேயே உங்கள் மாமியார் அதைப் பெயரில்லாத வியாதி என்கிறார்.

என்ன நடக்கிறது என்றால், கோயில் திருவிழாவில் மைக்செட் கட்டுகிறவர் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ மைக் பக்கத்தில் செருமினால்கூடத் தெரு முழுக்க இடி விழுந்த மாதிரிக் கேட்கும். செருமல் சின்னதுதான், ஆனால் காதில் விழுந்தது பொய் கிடையாது. உங்கள் நரம்பு மண்டலமும் மூளையும் வலியை வாங்கும் இடத்தில் அந்தத் திருகு ஏறி நிற்கிறது. தையல் மெஷினில் ஒரு மணி நேரம் குனிந்த தோள் எல்லோருக்கும் கொஞ்சம் வலிக்கும். உங்களுக்கு அது மூன்று நாள் ஆளைச் சாய்க்கிறது. வருடக்கணக்கில் முடக்குவாத வலி தொடர்ந்து போய்க்கொண்டிருந்ததே அந்தத் திருகை ஏற்றியிருக்கலாம். முடக்குவாதம் உள்ளவர்களிடம் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து இருப்பது சாதாரணம்.

முன்பெல்லாம் 18 இடங்களில் அழுத்தி, 11 இடத்தில் வலித்தால்தான் இந்த நோய் என்று 1990-ஆம் ஆண்டு விதி சொன்னது. 2010-இல் அதை மாற்றினார்கள். உடம்பை 19 பகுதியாகப் பிரித்து எத்தனையில் வலி, அசதி எவ்வளவு, எழுந்தால் தூங்கிய உணர்வு இருக்கிறதா, ஞாபகம் தடுமாறுகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அளவெடுத்த எண் நோட்டுக்குப் போகும் முன் மறந்துபோவதும் இந்த நோயின் கணக்கில்தான் வருகிறது. உங்களுக்கு மூளை மழுங்கவில்லை.

இப்போது மெத்தோட்ரெக்சேட்டை ஏன் கூட்டுகிறார்கள், ஏன் குறையவில்லை என்பதற்கு வருகிறேன். முடக்குவாதம் எவ்வளவு தீவிரம் என்று பார்க்க நாங்கள் 28 மூட்டுகளை எண்ணுவோம். எத்தனை மூட்டில் வலி, எத்தனையில் வீக்கம், இ.எஸ்.ஆர். எவ்வளவு, நோயாளி தனக்கு எப்படி இருக்கிறது என்று நூற்றுக்கு எத்தனை போடுகிறார். இந்த நாலையும் சேர்த்து ஒரு எண் வரும். இதில் இரண்டு உங்கள் வாய்மொழி. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர் தொட்ட இடமெல்லாம் வலி என்பார், நூற்றுக்கு எண்பது என்பார்; எண் ஏறிவிடும். மூட்டுக்குள் தீ அணைந்திருந்தாலும் காகிதத்தில் எரிவதாகத் தெரியும்.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரிப் பேராசிரியை. ஒவ்வொரு முறை வரும்போதும் வலி, வலி என்பார். எட்டு மாதத்தில் மருந்தை மூன்று முறை கூட்டினேன். வலி குறையவில்லை, கல்லீரல் பரிசோதனை எண்கள் ஏறின. என் மேலதிகாரியாக இருந்த மூத்த மருத்துவர் அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரல் மூட்டாக உருட்டிப் பார்த்துவிட்டு, "வீக்கத்தை எண்ணினியா, வலியை மட்டும் எண்ணினியா?" என்றார். எண்ணியது வலியை மட்டும்தான். ஒரு மூட்டில்கூட வீக்கமில்லை.

உங்கள் கையிலேயே பார்க்கலாம். முஷ்டியை மூடுங்கள். விரல் அடிமூட்டுகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாகத் தெரிகிறதா? முடக்குவாதம் எரியும்போது அந்தப் பள்ளங்கள் நிரம்பிப்போகும். கைகுலுக்குவது போல இன்னொருவர் அந்த மூட்டு வரிசையைக் குறுக்காக அழுத்தினால் உயிர் போகும். மூட்டைத் தொட்டால் மெத்தென்றிருக்கும், சூடு தெரியும், மோதிரமோ வளையலோ இறுகும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். பால் பாக்கெட் மூலையை வெட்டக்கூடக் கத்தரி பிடிக்க வராது. இதெல்லாம் இருந்தால் அது மூட்டின் வலி, அதற்கு மூட்டு மருந்து. ஃபைப்ரோமயால்ஜியாவிலும் காலையில் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கும் என்பதால் இறுக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, வீக்கம்தான் சாட்சி. சந்தேகம் இருந்தால் மூட்டுகளுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், உள்ளே அழற்சி இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும்.

வீக்கமில்லாமல் கழுத்திலும் தோளிலும் தொடைச் சதையிலும் இடம் மாறும் வலி, சரியாகத் தூங்காத மறுநாளும் மனசு கலங்கிய மறுநாளும் ஏறும் வலி, இரண்டு வாரம் விழுந்து விழுந்து தைத்த முகூர்த்த சீசன் முடிந்ததும் படுத்துக்கொள்ளும் உடம்பு, இது மைக்செட் வலி.

தைராய்டும் வலிக்கும். குறைவாக ஓடும்போது சதை கனக்கும், படி ஏறத் தொடை ஒத்துழைக்காது, குளிர் தாங்காது, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கட்டும். ராத்திரியில் கட்டை விரலும் அதை அடுத்த இரண்டு விரலும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. தைராய்டிலும் வரும், முடக்குவாதத்திலும் வரும், நாள் முழுக்கத் தைக்கிறவர்களுக்கும் வரும். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, கொக்கி தைக்கும்போது ஊசி நழுவுகிறது என்றால் இதைத் தனியாகச் சொல்லுங்கள். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டினாலே பலருக்குப் பாதி சரியாகிவிடும்.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது சிரமம், அதுவும் எண் மறக்கும் உங்களுக்கு. உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, கிழிக்கும் தாளைப் போடாதீர்கள். அதன் பின்பக்கம் இரண்டு மூன்று எழுத்து போதும். வீக்கம் இருந்தால் 'வீ', எந்த விரல் என்று. தூக்கம் கெட்டிருந்தால் 'தூ'. தைராய்டு மாத்திரை தவறினால் 'தை'. எத்தனை பிளவுஸ் தைத்தீர்கள் என்று ஒரு எண். ஆறு வாரத் தாளைக் கிளிப் போட்டுக் கொண்டுபோய் மூட்டு டாக்டர் மேசையில் வையுங்கள். "வலிக்குது டாக்டர்" என்று சொல்வதற்கும் "போன மாசம் நாலு நாள்தான் வீக்கம், இருபது நாள் வீக்கமில்லாத வலி" என்று சொல்வதற்கும் அவர் எழுதும் சீட்டே மாறும்.

அடுத்து, நீங்கள் போடாமல் விட்ட மாத்திரை. பெயர் எழுதவில்லை, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்று ஊகிக்கிறேன், சிலருக்கு டுலாக்செட்டின் எழுதுவோம். மெடிக்கலில் சொன்னது பொய் அல்ல, பாதி. மன அழுத்தத்துக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தால் 75, 100 என்று போகும். 10 என்பது நரம்பின் வலித் திருகை இறக்கவும் தூக்கத்தை ஆழமாக்கவும் கொடுக்கும் அளவு. வலிப்புக்குக் கண்டுபிடித்த ப்ரீகாபலினைக்கூட இதே வேலைக்குத் தருகிறோம். அதற்காக உங்களுக்கு வலிப்பு என்று ஆகாது. படுக்க இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் காலை மந்தம் குறையும். வாய் உலரும். கண் அழுத்த நோயோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டிய மருந்து. பொடியைப் போல இரண்டு நாளில் பறக்க வைக்காது. எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல மாட்டேன். எழுதித் தந்தவரிடம் திரும்பப் போய், இதுவரை போடவில்லை என்பதையும் சொல்லிப் பேசுங்கள். மனசு நிஜமாகவே சோர்ந்திருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகள் ஃபைப்ரோமயால்ஜியாவில் அநேகமாக வேலை செய்வதில்லை. டைக்ளோஃபெனாக் வகைகளைத் தினம் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் போகும், அதுவும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால்.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஆராய்ச்சிகள் மிக உறுதியாகப் பரிந்துரைப்பது உடற்பயிற்சியைத்தான். வலியில் இருப்பவரிடம் நடக்கச் சொல்வது எரிச்சலூட்டும் என்று எனக்குத் தெரியும். உங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறு, நல்லாயிருக்கிற நாளில் மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்து, நடந்தால் வலிக்கும் என்று முடிவு கட்டுவது. ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். வீட்டிலிருந்து தெருமுனை, திரும்பி வீடு. நல்ல நாளிலும் ஐந்து, கெட்ட நாளிலும் ஐந்து. ஒரு வாரம் தாங்கினால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் வலி கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதனால் எதுவும் கிழிந்துவிடவில்லை. மூட்டு வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு மட்டும் ஓய்வு. வெளியே போக வழியில்லை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தையலுக்கும் இதே கணக்குதான். இருபத்தைந்து நிமிடம் தைத்தால் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். பெடல் மெஷின் என்றால் மோட்டார் மாட்டிவிடுங்கள். வெட்டுவதைத் தரையில் குனிந்து செய்யாமல் இடுப்பு உயர மேசையில் செய்யுங்கள். கொக்கியும் ஹெம்மிங்கும் விரலைக் கொல்லும் வேலை. ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து அக்கம்பக்கத்தில் ஒரு பெண்ணிடம் விட்டுவிடுங்கள். லாபம் குறையும்தான். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் எத்தனை உருப்படி எடுப்பது என்று முன்னாலேயே ஒரு எண் வைத்து, அதற்கு மேல் வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லப் பழகுங்கள். இந்தக் கடைசி அறிவுரையை என் நோயாளிகளில் பாதிப் பேர் கேட்பதே இல்லை.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேகவைத்துச் சாப்பிட்டால் தைராய்டுக்கு ஒன்றும் ஆகாது. புளி, கத்திரிக்காய், பருப்பு எதையும் முடக்குவாதத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று உங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அயோடின் உப்பை விட்டு முழுக்க இந்துப்புக்கு மாற வேண்டாம்.

வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி. டி மிகவும் குறைந்தால் எலும்பும் சதையும் வலித்து அச்சு அசலாக ஃபைப்ரோமயால்ஜியா வேஷம் போடும். வெயில் கொளுத்தும் நம் ஊரில்தான் வீட்டுக்குள்ளே தைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அது குறைகிறது. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இருந்தால் எந்த மாத்திரையும் தூக்கத்தைச் சரிசெய்யாது.

மெத்தோட்ரெக்சேட்டை ஞாயிறு மட்டும் போடுகிறீர்கள், அது சரி. வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினம் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. அட்டையின் மேல் 'ஞாயிறு' என்று பேனாவால் எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் பற்றி நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாய்ப்புண், காய்ச்சல், விடாத வறட்டு இருமல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்காகக் கண் விழித்திரையை முதல் வருடமே ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் இப்போதாவது. ஐந்து வருடம் ஆகிவிட்டால் வருடந்தோறும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு வரி. ஐயா, உங்கள் மனைவிக்கு இருப்பது சோம்பல் இல்லை, நடிப்பும் இல்லை. ஸ்கேனில் தெரியாத வலி என்பதால் அது மனதில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தமாகாது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரோடு நீங்களும் உள்ளே வாருங்கள், வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வராவிட்டால் "நரம்பு வலி" என்று சொல்லுங்கள். முழுக்கச் சரியில்லை, ஆனால் அவர் பேச்சு அடங்கும்.

இந்த வாரம் பொடிக்காக மருத்துவரைப் பார்ப்பது. அவரிடம் சொல்லிவிட்டு மாத்திரை நேரத்தை மாற்றுவது. இன்றிலிருந்தே காலண்டர் தாளைச் சேர்ப்பது. தைராய்டு டெஸ்ட் ஆறு வாரம் கழித்து, பயோட்டினை நிறுத்தி. அந்த எண்ணும் ஆறு வாரத் தாள்களும் கையில் வந்த பிறகு மூட்டு டாக்டரிடம் போய், மெத்தோட்ரெக்சேட் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று கேளுங்கள். இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பொடிப் பொட்டலம் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காமல், அப்படியே.